முறைதவறிய அடிக்கு என்ன விலை?



வடநாட்டு நகரங்களில் குடியேறி வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஒரு புதிய காட்சியைக் காண்கிறோம். அடுக்களையில் இட்லிப் பானை ஆவி விட்டுக்கொண்டிருக்கும். கூடத்தில் வீட்டுப் பிள்ளைகள் தொலைக்காட்சியையோ கைத்தொலைபேசியையோ சூழ்ந்துகொண்டு, மூச்சை அடக்கியபடி ஒரு சண்டையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்போது அமெரிக்காவில் சனிக்கிழமை இரவு. லாஸ் வேகாஸ் நகரத்தில் இரவு விளக்கொளியில் நடக்கும் சண்டை நமக்குக் காலைப் பலகாரத்தோடு வந்து சேர்கிறது. எட்டு மூலைகள் கொண்ட ஒரு கம்பிவலைக் கூண்டு, அதனுள்ளே இருவர், குத்தும் உண்டு, உதையும் உண்டு, மல்யுத்தப் பிடியும் உண்டு. கலப்புப் போர்க்கலை என்று இதனைச் சொல்லலாம். பிள்ளைகள் எம்.எம்.ஏ. என்று சுருக்கிச் சொல்கிறார்கள்.

அந்தப் பக்கமாகச் செய்தித்தாளோடு வந்து அமரும் பெரியவர் ஒருவர், சற்று நேரம் பார்த்துவிட்டு, “இதற்குச் சட்டம், நியாயம் என்று ஏதேனும் உண்டா? கீழே விழுந்தவனையும் அடிக்கிறானே!” என்று கேட்பது வழக்கம். நாமும் அக்கேள்வியைக் கேட்டவர்களே. சட்டம் உண்டு என்பது விடை. ஒன்றிரண்டல்ல, ஏறத்தாழ முப்பது தடைகள் உண்டு. ஆனால் தடைகளை அறிந்துகொண்ட பிறகு வேறொரு கேள்வி எழுகிறது. அதுவே நம்மை இன்று பேச வைத்தது. தடையை மீறியவனுக்கு என்ன நேருகிறது? அந்தத் தண்டனையை யார் அளக்கிறார்? எந்தத் தராசில்?

இக்கேள்வி நமக்குப் புதிதன்று. பாரதக் கதையின் இறுதியில் பீமனும் துரியோதனனும் கதை கொண்டு பொருதார்கள். கதாயுத்தத்தில் நாபிக்குக் கீழே அடிக்கலாகாது என்பது விதி. பீமன் துரியோதனனின் தொடையில் அடித்து வீழ்த்தினான். இருவருக்கும் ஆசானாகிய பலராமன் அதைக் கண்டு வெகுண்டு கலப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். கண்ணன் தடுத்துச் சமாதானம் கூறினான். பீமன் வென்றான், பாண்டவர் அரசு பெற்றனர், தொடை முறிந்தவன் களத்தில் கிடந்தான். விதி மீறப்பட்டதை அனைவரும் ஒப்புக்கொண்டார்கள். முடிவு மட்டும் மாறவில்லை. இந்தக் கூண்டுச் சண்டையின் தண்டனை முறையைப் படிக்கப் படிக்கப் பலராமனுடைய கோபம் நமக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தது.

சண்டையின் வரலாற்றைச் சிறிது சொல்ல வேண்டும். 1993 நவம்பர் 12-ஆம் நாள் அமெரிக்காவின் டென்வர் நகரத்தில் யு.எப்.சி. என்னும் நிறுவனத்தின் முதல் போட்டி நடைபெற்றது. கடிக்கலாகாது, கண்ணைத் தோண்டலாகாது என்பனவே அன்று பெரிதாகப் பேசப்பட்ட தடைகள். எடைப் பிரிவு இல்லை. மதிப்பெண் இடும் நீதிபதிகளும் இல்லை. இறுதிச் சண்டையில் பிரேசில் நாட்டு ராய்ஸ் கிரேஸி, நெதர்லாந்தின் ஜெரார்டு கோர்டோவின் கழுத்தை நெரித்துப் பணிய வைத்தார். கோர்டோ தம் காதைக் கடித்தார் என்று கிரேஸி பின்னர் கூறினார். அதற்காகவே, எதிரி கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்ட பிறகும் சில கணங்கள் பிடியை விடாமல் இருந்தார். தண்டனை தர ஆள் இல்லாத இடத்தில் அடிபட்டவனே நீதிபதியாகிவிடுகிறான் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுவதில்லை.

மறுவருடம், 1994 டிசம்பரில், டல்சா நகரத்தில் கீத் ஹாக்னி என்பவர் ஜோ சன் என்பவரைத் தரையில் பிடித்து வைத்துக்கொண்டு, அவருடைய மர்ம உறுப்பில் திரும்பத் திரும்பக் குத்தினார். அன்றைய விதிப்படி அது குற்றமே அன்று. இவ்வகைக் காட்சிகளைக் கண்டு செனட்டர் ஜான் மெக்கெய்ன் இதனை மனிதச் சேவற்சண்டை என்று கண்டித்தார். பல மாநிலங்கள் தடை விதித்தன. பிழைக்க வேண்டுமானால் சட்டம் வேண்டும் என்ற நிலை வந்தது. 2000-ஆம் ஆண்டு நவம்பரில் நியூ ஜெர்சி மாநில ஆணையத்தின் மேற்பார்வையில் புதிய விதிகளின்படி சண்டை நடந்தது. 2001 ஏப்ரலில் பலரும் கூடி அவ்விதிகளை ஒருமுகப்படுத்தினர். இன்று அமெரிக்காவில் பெரும்பாலும் வழங்குவது அந்த ஒருமித்த விதித்தொகுப்பின் வழிவந்ததே.

தலையால் முட்டுதல், கடித்தல், முடியைப் பற்றி இழுத்தல், கண்ணில் விரல் விடுதல், மர்ம உறுப்பில் அடித்தல், பின்மண்டையிலும் முதுகுத் தண்டிலும் அடித்தல், தரையில் இருப்பவனின் தலையை உதைத்தல் அல்லது முழங்காலால் இடித்தல், கூண்டின் வலையைப் பற்றிக்கொள்ளுதல் - இவை போன்றவை அப்பட்டியலில் அடங்கும். இளைஞர் பேச்சில் இவற்றிற்கெல்லாம் ஒரே பெயர், ஃபவுல். பட்டியலில் குறையொன்றும் இல்லை. நம் கவலை பட்டியலுக்கு அடுத்த பக்கத்தில் இருக்கிறது.

தண்டனையின் படிகள் இவை: முதலில் எச்சரிக்கை, அடுத்து ஒரு புள்ளி குறைத்தல், கொடிய குற்றமாயின் இரண்டு புள்ளி, அதற்கும் மேலே தகுதி நீக்கம், அதாவது தோல்வி. இவற்றுள் எதைக் கொடுப்பது என்று தீர்மானிக்கும் உரிமை கூண்டுக்குள் நிற்கும் நடுவர் ஒருவருக்கே உண்டு. வெளியே அமர்ந்து மதிப்பெண் இடும் மூன்று நீதிபதிகளும் குற்றத்தைத் தம் கண்ணாலேயே கண்டிருந்தாலும், நடுவர் சொல்லாமல் ஒரு புள்ளியையும் கழிக்க முடியாது. குற்றம் வேண்டுமென்றே செய்யப்பட்டதா, கைதவறி நிகழ்ந்ததா என்று முடிவு செய்பவரும் அவரே. வேண்டுமென்றே செய்த குற்றத்தால் எதிரி தொடர்ந்து போராட முடியாமற்போனால், செய்தவர் தோற்றவராவார். கைதவறிய குற்றமாயின், போதிய சுற்றுகள் முடியாதபோது அது நடக்காத போட்டியாகக் கணக்கிடப்படும். மூன்று சுற்றுப் போட்டியில் இரண்டு சுற்றுகள் முடிந்திருந்தால், அதுவரை உள்ள மதிப்பெண்ணைக் கூட்டி முடிவு சொல்லப்படும். குற்றம் செய்யப் போய்த் தானே காயம்பட்டவனுக்கு மட்டும் எவ்விதச் சலுகையும் இல்லை. அந்த ஒரு விதியை எழுதியவர் நல்ல நகைச்சுவை உணர்வு உள்ளவராக இருந்திருக்க வேண்டும்.

ஒரு மனிதர், ஒரு கண நேரம், எதிரே வியர்வையும் இரத்தமுமாக இருவர். ஒருவன் மனத்தில் இருந்த எண்ணத்தை அவர் எப்படி அறிவார்? அறிய முடியாது. எனவே பெரும்பாலான நடுவர்கள் ஐயத்தின் பயனைக் குற்றம் செய்தவனுக்கே தருகிறார்கள். இதற்கு அவர்களை முழுதும் குறை கூறவும் நமக்கு மனம் வரவில்லை; காரணம் கணக்கில் இருக்கிறது.

அந்தக் கணக்கைப் பார்ப்போம். ஒரு சுற்றை வென்றவருக்கு 10, தோற்றவருக்கு 9 என்பது வழக்கமான மதிப்பீடு. மூன்று சுற்றுகளில் இரண்டை வென்றவருக்கு 29, மற்றவருக்கு 28. வித்தியாசம் ஒன்றே ஒன்று. அந்த ஒன்றை நடுவர் கழித்துவிட்டால் 28-க்கு 28, வெற்றி சமமாகிவிடும். பதினைந்து நிமிடம் பாடுபட்டுச் சேர்த்ததை ஒரு விரலசைவு அழித்துவிடும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. 2020 டிசம்பர் 12-ஆம் நாள் பிரேசிலின் டெய்வேசன் ஃபிகரேடோவும் மெக்ஸிகோவின் பிராண்டன் மொரேனோவும் பட்டத்துக்காக ஐந்து சுற்றுகள் பொருதார்கள். மூன்றாம் சுற்றில் பட்டத்தை வைத்திருந்த ஃபிகரேடோவின் உதை மொரேனோவின் மர்ம உறுப்பில் பட்டது. நடுவர் ஒரு புள்ளியைக் கழித்தார். முடிவில் நீதிபதி ஒருவர் 47-க்கு 46 என்று ஃபிகரேடோவுக்கும், மற்ற இருவர் 47-க்கு 47 என்று சமமாகவும் கணக்கிட்டிருந்தனர். போட்டி சமன் என்று அறிவிக்கப்பட்டது. அந்த ஒரு புள்ளி இருந்திருந்தால் மூன்று நீதிபதிகளிடமும் ஃபிகரேடோ வென்றிருப்பார். சமமானபடியால் 2021 ஜூனில் மீண்டும் சண்டை. அதில் மொரேனோ வென்று, மெக்ஸிகோவில் பிறந்த முதல் யு.எப்.சி. பட்டக்காரரானார். 2022 ஜனவரியில் மூன்றாவது சண்டை, 2023 ஜனவரியில் நான்காவது சண்டை. ஒரு தவறிய உதையின் வட்டி நான்கு சண்டைகள் வரை வளர்ந்தது என்று சொன்னால் மிகையாகாது.

இத்தனை கனமான கோடரியைக் கையில் கொடுத்துவிட்டு, கொசுவை அடிக்கச் சொன்னால் யார் அடிப்பார்? நடுவர் தயங்குகிறார். “விரலை மூடிக்கொள்” என்கிறார்; “வலையைப் பிடிக்காதே” என்கிறார்; மறுபடியும் சொல்கிறார்; மூன்றாம் முறையும் சொல்கிறார். எச்சரிக்கைக்கு விலை எதுவும் இல்லை. ஆனால் அந்த எச்சரிக்கைக்கு முன் செய்த குற்றத்துக்கு விலை உண்டு. அதை வேறொருவர் செலுத்திவிட்டார்.

வலையைப் பற்றும் குற்றத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மல்யுத்தத்தில் வல்லவர் ஒருவர், எதிரியின் இடுப்பைத் தழுவிக் கீழே சாய்க்கப் போகிறார். சாயும் கணத்தில் எதிரி இரண்டு விரல்களைக் கம்பிவலையில் கோத்துக்கொள்கிறான். ஒரு நொடிதான், சமநிலை திரும்பிவிடுகிறது. நடுவர் கையைத் தட்டிவிட்டுக் கண்டிக்கிறார். ஆனால் விழ வேண்டியவன் நின்றுவிட்டானே? வீழ்த்தியிருக்க வேண்டியவர் அந்தப் பிடிக்காகச் செலவிட்ட மூச்சும் பலமும் வீணாயிற்றே? அதைத் திருப்பித் தர விதியில் வழியில்லை. இவ்விதம் முதல் குற்றம் இலவசமாகக் கிடைக்கும் என்று அறிந்த வீரன், அந்த இலவசத்தை எப்போது பயன்படுத்துவது என்று திட்டமிடத் தொடங்கினால், நாம் வியப்படைவதற்கு இல்லை.

புள்ளியைக் கழித்தாலும் அது எப்போதும் பலிப்பதில்லை. 2011 பிப்ரவரியில் சிட்னி நகரத்தில் இங்கிலாந்தின் மைக்கேல் பிஸ்பிங், தரையில் மண்டியிட்டிருந்த ஹோர்ஹே ரிவேராவை முழங்காலால் இடித்தார். நடுவர் புள்ளி கழித்தார். அடுத்த சுற்றிலேயே பிஸ்பிங் எதிரியை அடித்து நிறுத்தி வென்றுவிட்டார். அடித்து முடிக்கப்பட்ட சண்டையில் மதிப்பெண் தாளை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை. கழிக்கப்பட்ட புள்ளி, செல்லாத காசாயிற்று. முழங்கால் இடியின் வலி மட்டும் ரிவேராவிடம் தங்கியது.

கண்ணின் விஷயம் இவை எல்லாவற்றிலும் கவலைக்குரியது. குத்துச்சண்டையில் விரல்கள் உறைக்குள் மூடிக் கிடக்கின்றன. இச்சண்டையிலோ, பிடிக்கவும் இழுக்கவும் வேண்டியிருப்பதால், நான்கு அவுன்ஸ் அளவுள்ள சிறு கையுறையில் விரல்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. எதிரியைத் தள்ளி நிறுத்தக் கையை விரித்து நீட்டும் பழக்கமுள்ளவர்கள் பலர். நீட்டிய கையை நோக்கி எதிரி பாய்ந்தால் விரல் கண்ணுக்குள் போகிறது. வேண்டுமென்றே செய்யவில்லை என்று சொல்லிவிடலாம். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் கண்ணுக்கு அந்த வேறுபாடு தெரியுமா?

2013 ஏப்ரல் 27-ஆம் நாள் நூவர்க் நகரத்தில் ஒரே இரவில் இரண்டு சண்டைகள் இவ்வாறு முடிந்தன. அவற்றுள் ஒன்றில் ஜான் வில்லாண்டே என்பவருக்குக் கண்ணில் விரல் பட்டது. “பார்வை தெரிகிறதா?” என்று நடுவர் கேட்டார். தெரியவில்லை என்று அவர் உண்மையைச் சொன்னார். அவ்வளவுதான், சண்டை முடிந்தது என்று நடுவர் கையை ஆட்டிவிட்டார். சற்று இளைப்பாறினால் தெளிந்துவிடும் என்று எண்ணியிருந்த வில்லாண்டே திகைத்து நின்றார். இரண்டு சுற்றுகள் முடிந்திருந்தபடியால் மதிப்பெண் கூட்டப்பட்டது; கண்ணில் குத்தியவரே வென்றதாக அறிவிக்கப்பட்டார். மர்ம உறுப்பில் அடிபட்டவருக்கு ஐந்து நிமிடம் வரை ஓய்வு உண்டு என்பது விதி. கண்ணில் அடிபட்டவரோ உண்மையைச் சொன்னதற்காகத் தோற்றார். அன்றிரவு அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒவ்வொரு வீரனும் என்ன பாடம் கற்றிருப்பான்? கண் தெரியாவிட்டாலும் தெரிகிறது என்று சொல்ல வேண்டும் என்பதைத்தானே? பாதிப் பார்வையோடு, பாய்ந்து வரும் உதையை எதிர்கொள்ள ஒரு மனிதனை ஒரு விதி தூண்டுமானால், அந்த விதியில் கோளாறு இருக்கிறது.

2016-இல் குத்துச்சண்டை ஆணையங்களின் சங்கம் விதிகளைத் திருத்தியபோது, எதிரியின் முகத்தை நோக்கி விரல்களை விரித்து நீட்டுவதே குற்றம் என்று சேர்த்தது. கண்ணில் படும் வரை காத்திராமல், படுவதற்கு முன்பே தண்டிக்கலாம் என்பது இதன் கருத்து. நல்ல திருத்தம். ஆயினும் ஏட்டில் உள்ள அளவுக்கு அது கூண்டில் காணப்படவில்லை. 2025 அக்டோபர் 25-ஆம் நாள் அபுதாபியில் கனத்த எடைப் பட்டத்துக்காக இங்கிலாந்தின் டாம் ஆஸ்பினாலும் பிரான்சின் சிரில் கானும் மோதினார்கள். முதல் சுற்று முடிவதற்குள்ளேயே கானின் விரல் பட்டு ஆஸ்பினால் தொடர முடியாமற்போனார். நடக்காத போட்டி என்று அறிவிக்கப்பட்டது. உலகெங்கும் மக்கள் காத்திருந்த சண்டை ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. அதற்குப் பின்னர் விரலைப் பற்றியும் கையுறையைப் பற்றியும் எங்கும் பேச்சு. கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் என்று நம் பாட்டிமார் சொல்வதை அவர்களுக்கு யாரேனும் மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கலாம்.

இனித் தகுதி நீக்கத்துக்கு வருவோம். குத்துச்சண்டையில் அதன் புகழ்பெற்ற உதாரணத்தை நேயர்களில் பலர் நினைவு வைத்திருப்பீர்கள். 1997 ஜூன் 28-ஆம் நாள் மைக் டைசன், எவாண்டர் ஹோலிஃபீல்டின் காதைக் கடித்தார். நடுவர் முதலில் இரண்டு புள்ளிகளைக் கழித்தார். மறுபடியும் கடித்தபோது டைசனைத் தோற்றவர் என்று அறிவித்தார். பின்னர் நெவாடா ஆணையம் 30 லட்சம் டாலர் அபராதம் விதித்து, உரிமத்தையும் பறித்தது. அங்கே ஐயத்துக்கு இடமில்லை. பல்லின் அடையாளம் காதில் இருந்தது. கூண்டுச் சண்டையில் பல வேளைகளில் அப்படிப்பட்ட தெளிவு கிடைப்பதில்லை. அங்கேதான் நடுவரின் பாரத்தில் பாதி, அடிபட்டவன் தோளுக்கு மாறுகிறது.

2019 மார்ச் 2-ஆம் நாள் லாஸ் வேகாஸில் ஜான் ஜோன்ஸ் என்னும் பட்டக்காரரை ஆந்தனி ஸ்மித் எதிர்த்தார். எல்லாச் சுற்றுகளிலும் ஜோன்ஸ் கையே ஓங்கியிருந்தது. நான்காம் சுற்றில், தரையில் இருந்த ஸ்மித்தின் தலையில் ஜோன்ஸ் முழங்காலால் இடித்தார். நடுவர் ஹெர்ப் டீன் சண்டையை நிறுத்தினார். “என்னால் தொடர முடியாது” என்று ஸ்மித் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஜோன்ஸ் தகுதி நீக்கம் பெற்று, உலகப் பட்டம் ஸ்மித்தின் இடுப்புக்கு வந்திருக்கும். அதனோடு பெரும் பொருளும் வந்திருக்கும். அப்படி வரும் பட்டம் தமக்கு வேண்டியதில்லை என்று கருதி, ஸ்மித் எழுந்து நின்று தொடர்ந்தார். ஜோன்ஸுக்கு இரண்டு புள்ளிகள் கழிக்கப்பட்டன. முடிவில் மூன்று நீதிபதிகளும் 48-க்கு 44 என்று ஜோன்ஸையே வென்றவராக்கினர். கழித்த இரண்டையும் திரும்பக் கூட்டினால் 50-க்கு 44. அதாவது ஐந்து சுற்றுகளையும் வென்ற ஒருவரை இரண்டு புள்ளிகள் தொடக்கூட இல்லை.

இதற்கு நேர்மாறானது 2021 மார்ச் 6-ஆம் நாள் நடந்தது. ரஷ்யாவின் பீட்டர் யான் பட்டக்காரர். அமெரிக்காவின் அல்ஜமெய்ன் ஸ்டெர்லிங் எதிராளி. நான்காம் சுற்றில், தரையில் முழங்காலூன்றியிருந்த ஸ்டெர்லிங்கின் தலையில் யான் ஓங்கி இடித்தார். இடித்தவர் தெரிந்தே இடித்தார் என்று நடுவர் கொண்டார். ஸ்டெர்லிங்கால் தொடர முடியவில்லை. யான் தகுதி நீக்கம் பெற்றார், பட்டம் கைமாறியது. யு.எப்.சி. வரலாற்றில் இவ்விதம் பட்டம் மாறியது அதுவே முதல் முறை. ஆனால் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். குற்றம் செய்தவர் யான். பழி சுமந்தவர் ஸ்டெர்லிங். நடிக்கிறார் என்றார்கள், எழுந்திருக்கலாமே என்றார்கள், காகிதப் பட்டம் என்று எள்ளினார்கள். ஓராண்டுக்கு மேல் இந்த ஏளனத்தைச் சுமந்துகொண்டிருந்து, 2022 ஏப்ரல் 9-ஆம் நாள் அதே யானை மறுபடியும் சந்தித்து நீதிபதிகளின் தீர்ப்பில் அவர் வென்ற பிறகே அந்தப் பேச்சு அடங்கியது.

ஸ்மித்தை வீரர் என்று புகழ்ந்தவர்களே ஸ்டெர்லிங்கை நடிகர் என்று தூற்றினார்கள். தலையில் அடிபட்டவன் தன் மூளையின் நிலையைத் தானே சோதித்து, உலகம் பார்த்துக்கொண்டிருக்கும்போது அறிக்கை தர வேண்டும் என்பது என்ன நியாயம்? திருட்டுக் கொடுத்தவனை அழைத்து, திருடனுக்குத் தண்டனை தரலாமா வேண்டாமா, நீயே சொல், ஆனால் தரச் சொன்னால் ஊரார் உன்னைக் கோழை என்பார்கள் என்று கூறுவதை இது ஒக்கும். குற்றத்தின் அளவைக் குற்றத்தைக் கொண்டே அளக்க வேண்டும்; அடிபட்டவனின் தாங்கும் சக்தியைக் கொண்டு அளக்கலாகாது என்பது நம் கருத்து. ஸ்மித் எழுந்து நின்றதால் ஜோன்ஸின் குற்றம் சிறிதாகிவிடவில்லை.

ஜோன்ஸைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. அவருடைய நீண்ட கணக்கில் பதிவான ஒரே தோல்வி, தகுதி நீக்கத்தால் வந்தது. 2009 டிசம்பர் 5-ஆம் நாள் மாட் ஹாமில் என்பவரை ஏறத்தாழ வென்றுவிட்ட நிலையில், மேலிருந்து செங்குத்தாக முழங்கையை இறக்கி இடித்தார். கடிகாரத்தில் பன்னிரண்டிலிருந்து ஆறுக்கு இறங்கும் முள்ளைப் போல இறங்குவதால், ‘பன்னிரண்டு-ஆறு முழங்கை’ என்று அதற்குப் பெயர். அது தடை செய்யப்பட்டிருந்தது. சாய்வாக இடித்தால் குற்றமில்லை. நேராக இடித்தால் குற்றம்! விதிகளை வகுத்த கூட்டத்தில் இருந்த நடுவர் ஜான் மெக்கார்த்தி, கராத்தே வீரர்கள் முழங்கையால் பனிக்கட்டிப் பாளங்களை உடைப்பதைத் தொலைக்காட்சியில் கண்டு அஞ்சியவர்களால் இத்தடை வந்தது என்று பிற்காலத்தில் கூறியதுண்டு. 2024 ஜூலையில் ஆணையங்களின் சங்கம் அத்தடையை நீக்கத் தீர்மானித்தது. நவம்பர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. குற்றம் மறைந்தது, அந்தக் குற்றத்துக்காகப் பெற்ற தோல்வி ஏட்டில் அப்படியே இருக்கிறது.

அதே திருத்தத்தில் மற்றொன்றும் மாறியது. முன்பெல்லாம் நிற்கிற ஒருவன் கையைத் தரையில் ஊன்றிக்கொண்டு ‘நான் தரையில் இருக்கிறேன்’ என்று விதியின் பின்னே ஒளிந்துகொள்ள முடிந்தது. இப்போது கை, பாதம் தவிர உடலின் வேறு பாகம் தரையைத் தொட்டால்தான் அவன் தரையில் இருப்பவன். விதியைக் கேடயமாக்கிக்கொள்ளும் தந்திரமும் ஒருவகையில் முறைகேடுதான் என்பதை விதி வகுத்தவர்கள் உணர்ந்தார்கள் என்றே இதனைக் கொள்கிறோம்.

வேறு வழி இல்லையா என்றால், உண்டு. 1997 முதல் 2007 வரை ஜப்பானில் பிரைடு என்னும் போட்டிகள் நடந்தன. தரையில் இருப்பவன் தலையை உதைக்கவும் மிதிக்கவும் அங்கே அனுமதி இருந்தது. அந்த அளவில் அது கொடுமையானதே. அதை நாம் பரிந்துரைக்கவில்லை. ஆனால் அங்கே நடுவர் கையில் ஓர் அட்டை இருந்தது. அதைக் காட்டினால் வீரனுடைய ஊதியத்தில் பத்தில் ஒரு பங்கு குறையும். ஆட்டத்தின் முடிவு கவிழாது. ஆனால் பை இளைக்கும். சட்டென்று கொடுக்கக்கூடிய, சிறிய, வலிக்கிற தண்டனை. நடுவருக்குத் தயக்கம் வர வேண்டியதில்லை. ஒருமித்த விதிகளில் எச்சரிக்கைக்கும் புள்ளிக் குறைப்புக்கும் இடையே இத்தகைய ஒரு படி இல்லாமையே பெருங்குறை என்று நமக்குத் தோன்றுகிறது. ஊதியம் குறைவாகப் பெறும் இளம் வீரனுக்கு இது அதிகமாக வலிக்கும், கோடீசுவரனுக்கு வலிக்காது என்று ஒரு மறுப்பு உண்டு. அது நியாயமான மறுப்பே. ஆயினும் விகிதத்தில் கழிப்பதால் இருவர் பையிலும் ஓட்டை விழும். ஒன்றும் விழாத இன்றைய எச்சரிக்கையைவிட அது மேல்.

இது அயல்நாட்டார் விவகாரம் என்று தள்ளிவிடக்கூடிய காலம் கடந்துவிட்டது. 2024 ஜூன் 8-ஆம் நாள் உத்தரப் பிரதேசத்து முஸஃபர்நகர் மாவட்டத்தைச் சேர்ந்த பூஜா தோமர், அமெரிக்காவின் லூயிவில் நகரத்தில் யு.எப்.சி. சண்டையொன்றில் வென்றார். இந்தியர் ஒருவர் அங்கே பெற்ற முதல் வெற்றி அது. நீதிபதிகள் மூவரில் இருவர் அவர் பக்கமும் ஒருவர் எதிர்ப்பக்கமும் தீர்ப்பளித்தனர்.  நேயர்கள் குடியிருக்கும் நகரங்களில் இக்கலையைக் கற்பிக்கும் பயிற்சிக் கூடங்கள் தோன்றியிருக்கின்றன. நம் பிள்ளைகள் சிலரும் அங்கே போகிறார்கள். போகிறவர்களின் பெற்றோர், கட்டணம் எவ்வளவு என்று கேட்பதோடு, விரலை மூடி வைக்கக் கற்றுக்கொடுக்கிறார்களா என்றும், பயிற்சியில் ஒருவன் முறைதவறினால் ஆசிரியர் என்ன செய்கிறார் என்றும் கேட்கலாம். அந்த விடையிலிருந்து கூடத்தைப் பற்றிப் பலவும் தெரிந்துவிடும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு அமரும் பெரியவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. சண்டை திடீரென்று நின்றால், எல்லோரும் அடிபட்டவரையே பார்ப்பார்கள். நீங்கள் நடுவரைப் பாருங்கள். அடித்தவரிடம் ஏதோ முணுமுணுத்துவிட்டு உடனே சண்டையைத் தொடங்கினால் அது எச்சரிக்கை, கணக்கில் ஏறாது. சண்டையை நிறுத்தி வைத்து, கூண்டுக்கு வெளியே அமர்ந்திருக்கும் மூன்று நீதிபதிகளின் பக்கமும் திரும்பித் திரும்பி ஒரு விரலை உயர்த்திக் காட்டினால், அது புள்ளி. அப்போது அடித்தவர் முகத்தையும் ஒரு கணம் பார்த்துக்கொள்ளுங்கள்.